பதினைந்து மதிப்பெண்

கேள்வி மூன்று.
"பல்பொருள் கடையொன்றில் எக்ஸ் என்ற பெண்மணியின் கைப்பையில்
மீன் டின் ஒன்று இருப்பதைக் கல்லாவில் இருந்த ஒய் பார்க்கிறார்.
காவலாளி இசட்டை அழைக்கிறார்.
எக்ஸ் நாற்பது நிமிடம் சரக்கறையில் உட்காரவைக்கப்படுகிறார்.
கதவு பூட்டப்படவில்லை.
ஒய், இசட் இருவரின் பொறுப்பை ஆராய்க."

நவம்பர். டர்பன் குன்றின் மேல் தேர்வு மண்டபம்.
கூரைத் தகரத்தில் குரங்குகள் தடதடவென்று ஓடுகின்றன.
எக்ஸுக்குப் பெயர் உண்டு:
கோகிலம் நாயக்கர்,
டொங்காட் பஸ் நிலையத்துக்குப் பின்னால், கரும்புக்காடு தொடங்கும் தெரு.
ஒய் நான்.

எப்படி இந்தக் கேள்வி இங்கே வந்தது என்று தெரியாது.
இப்படி எத்தனையோ கடை, எத்தனையோ மீன் டின்.

கூறுகளை முதலில் எழுதுகிறேன், திருத்தமான கையெழுத்தில்.
பூட்டாத கதவும் சிறையாகலாம்,
நியாயமாக வெளியேற வழியில்லாதபோது.
கைப்பை இசட்டின் மேசைமேல் இருந்தது.
அதற்குள் டாக்சிக் காசு, பிரஷர் மாத்திரை, வீட்டுச் சாவி.
இவற்றை எழுதிய பிறகுதான்
கேள்வித்தாளில் மாத்திரை இல்லை என்று உறைத்தது.
அடித்துவிட்டேன்.

அவதூறு.
மூன்றாம் நபர் காதில் விழ வேண்டும்.
நான் ஒலிபெருக்கியில் சொன்னது இவ்வளவே:
"செக்யூரிட்டி, ஏழாம் கல்லாவுக்கு."
திருட்டு என்ற சொல்லை நான் சொல்லவில்லை.
சொல்லாததை வரிசையில் நின்ற பதினோரு பேர் கேட்டார்கள்.
உள்ளர்த்தம் என்பார் எங்கள் விரிவுரையாளர்,
பலகையில் இரண்டு கோடு போட்டு.
அந்த வருஷம் தைப்பூசத்துக்கு முன்னால்
அன்னதானக் கணக்கு நோட்டு
கோகிலத்திடமிருந்து சத்தமில்லாமல் கைமாறியது.
பதினெட்டு வருஷம் அவள் எழுதிய நோட்டு.

உள்நோக்கம்.
அவளை வெறுத்தேனா என்றால், பெயர்கூட அன்று தெரியாது.
முந்தின வாரம் என் கல்லாவில் அறுபது ராண்ட் குறைந்தது.
மேனேஜர் எல்லார் முன்னாலும் கேட்டார்:
கண்ணை எங்கேம்மா வச்சிருக்கே?
அந்தக் கண்ணைத்தான்
அவள் பைக்குள் வைத்தேன்.

டின் எதிர்க்கடையில் வாங்கியது.
ரசீது ரவிக்கைக்குள் மடித்திருந்தது, சில்லறை நோட்டோடு சேர்த்து.
சரக்கறையில் இரண்டு ஆண்கள்.
நாற்பது நிமிடத்தில் முப்பத்தெட்டு
அவர்கள் திரும்பி நிற்பார்களா என்று பார்த்துக்கொண்டு
அரிசி மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறாள்.
யாராவது பொம்பளையை வரச் சொல்லுங்க என்றாளாம்.
இசட் வந்து என்னைக் கூப்பிட்டான்.
சம்பளநாள், வரிசை ரொட்டி அலமாரி வரைக்கும் போயிருந்தது.
அப்புறம் வர்றேன் என்றேன்.

இதுவும் கேள்வித்தாளில் இல்லை.

ஊழியர் செய்த தீங்குக்கு முதலாளி பொறுப்பு:
நல்ல அகலமான குடை, நனையாமல் நிற்கலாம்.
அதற்கு நான்கு வரி எழுதினேன், மதிப்பெண் நிச்சயம்.
கடை அவளுக்கு இருநூறு ராண்ட் வவுச்சர் கொடுத்தது.
போகும்போது என் கல்லாவில் வைத்துவிட்டுப் போனாள்,
மிச்சச் சில்லறை வைப்பதைப் போல,
முகத்தைப் பார்க்காமல்.

முடிவு என்று தலைப்பிட்டு அடிக்கோடு இழுத்தேன்.
இசட் கூப்பிட வந்தான் என்பதை
ஒய்யின் பேரில் எழுதுவதா?
எழுதினேன். உண்மைக்குப் புறம்பான தகவல் என்று
திருத்துபவர் சிவப்பில் சுழிக்கட்டும்.

"கடைசிப் பதினைந்து நிமிடம். யாரும் எழுந்து போகக் கூடாது."
மண்டபக் கதவைச் சாத்துகிறார்கள்.
என் பை சுவரோரம், நூறு பைகளுக்கு நடுவே.
இது சிறையாகாது.
வாசலில் கையெழுத்துப் போட்டுச் சம்மதித்துத்தான் வந்தேன்.
அவசரம் என்றால் கையைத் தூக்கினால் போதும்,
துணைக்கு ஒரு பெண் வருவாள்.